பத்துக்கு ரெண்டு

ஆப்பரேஷனின்போது வலி தெரியாமல் இருக்கப் போடுகிற மருந்துதான் கேன்சரை உடம்பு முழுக்கப் பரப்பிவிடுகிறதாம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பைக்கை அணைத்துவிட்டு நின்றிருந்த நாகநாதனுக்கு இந்தச் செய்தி வந்து சேர்ந்தது. சொன்னவர் பக்கத்தில் நின்ற மினி லாரிக்காரர். அவருக்குச் சொன்னது அவருடைய சகலை. சகலைக்குச் சொன்னது குத்தாலத்தில் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஒரு டீச்சர். அந்த டீச்சரின் பெரியம்மாவுக்கு ஆப்பரேஷன் முடிந்து எட்டே மாதத்தில் ஈரலில் வந்துவிட்டதாம்.

"கட்டிய சுத்தமா எடுத்துட்டாங்கண்ணே. அதுல குத்தமே இல்ல. வலிக்குன்னு ஒரு ஊசி போட்டாங்க பாருங்க, அதுதான் கெடுத்துருச்சு. டாக்டருங்களுக்கே தெரியுமாம். வெளிய சொல்ல மாட்டாங்களாம்."

நீடாமங்கலம் கேட்டில் மாட்டிக்கொள்ளாதவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. அங்கே மன்னார்குடி வண்டிக்கு இன்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்டுவார்கள். சரக்குப் பெட்டிகளை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளுவார்கள். ஒருமுறை கேட் இறங்கினால் ஒரு ஆளின் அரசியல், ஜாதகம், சர்க்கரை அளவு மூன்றும் பக்கத்து ஆளுக்குத் தெரிந்த பிறகுதான் ஏறும். டெல்டாவின் பாதிக் கருத்துகள் அந்தத் தண்டவாளத்தின் ஓரத்தில்தான் பிறந்தன. மீதிப் பாதி அடுத்த ரயிலுக்காகக் காத்திருக்கின்றன.

வேறு ஆளாக இருந்தால் கேட் ஏறியதும் முந்திக்கொண்டு போகிற அவசரத்தில் மறந்திருப்பார். நாகநாதன் மறக்காததற்கு இரண்டு காரணங்கள். அடுத்த புதன்கிழமை தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவர் மனைவி ஞானாம்பாளுக்கு இடது மார்பை எடுக்கும் ஆப்பரேஷன். இது முதல் காரணம். இரண்டாவது காரணம் கொஞ்சம் பெரியது. லாரிக்காரர் சொன்னது அவருடைய வாழ்க்கைத் தத்துவத்தோடு அச்சுப் பிசகாமல் பொருந்தியது.

அந்தத் தத்துவத்தை அவர் தன்னுடைய ஒரு வேலி நிலத்தை விலையாகக் கொடுத்து வாங்கியிருந்தார். நிலம் போகவில்லை, ஒரு போக விளைச்சல் போனது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு சம்பாவில், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில், தூரில் நாலு புகையான் தெரிந்தது. நெல்லின் தண்டடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுகிற கடுகத்தனை பூச்சி அது. உரக்கடையில் ஒரு புது பாட்டிலைக் கொடுத்தார்கள். ஒருமுறை அடிக்கச் சொன்னார்கள். நாகநாதன் எதையும் ஒருமுறை செய்து பழக்கமில்லாதவர், இரண்டு முறை அடித்தார். பத்தாம் நாள் வயலில் வட்டம் வட்டமாகத் தீ வைத்த மாதிரி பயிர் காய்ந்து நின்றது. வரப்பில் நின்று பார்த்த வேளாண் அலுவலர், தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே சொன்னார்: "புகையானுக்கு இந்த மருந்த அடிக்கவே கூடாதுங்க. அது தூர்ல ஒளிஞ்சிக்கும். நீங்க அடிச்சது பூரா அதத் தின்ன வந்த சிலந்தி மேல விழுந்துருக்கு. காவக்காரனக் கொன்னுட்டு திருடனுக்கு இல போட்டுருக்கீங்க."

அன்றைக்கு வரப்பிலேயே நாகநாதனுக்கு ஞானம் பிறந்தது. மருந்துதான் நோயை வளர்க்கிறது. வேளாண் அலுவலர் சொன்னது ஒரு மருந்தைப் பற்றி, ஒரு பூச்சியைப் பற்றி. நாகநாதன் அதை விரித்து உலகத்துக்கே கூரையாகப் போட்டுவிட்டார். ஊராட்சியிலிருந்து கொசுவுக்குப் புகை அடிக்க வந்தால், "வளக்க வந்துட்டாங்க" என்று ஜன்னலைச் சாத்துவார். ரத்த அழுத்த மாத்திரையை மூன்று மாதம் வாழைக்குக் கீழே புதைத்து, வாழைக்கு மயக்கம் வருகிறதா என்று பார்த்தார். பாசனச் சங்கத்துக்கு இரண்டு முறை தலைவராக இருந்தவர். ஊரில் யாரும் அவரிடம் ஆலோசனை கேட்பதில்லை. கேட்காமலே கிடைக்கும்போது கேட்பானேன்?

வீட்டுக்கு வந்ததும் மெல்போர்னில் இருக்கும் மகன் ராஜ்குமாரைக் கூப்பிட்டார். ராஜ்குமார் அம்மாவின் நோய் தெரிந்த நாளிலிருந்து விமான டிக்கெட்டை மூன்று முறை போட்டு மூன்று முறை மாற்றியவன். வர முடியாத குற்ற உணர்ச்சியை இரவெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரை படித்து ஆற்றிக்கொள்கிறவன். அப்பா கேட்டதுதான் தாமதம், இரண்டு நாள் தூக்கத்தை விட்டுவிட்டு ஒன்பது இணைப்புகளையும் பதினோரு நிமிடக் குரல் பதிவு ஒன்றையும் அனுப்பினான்.

"அப்பா, நீங்க கேட்டதுல கொஞ்சம் விஷயம் இருக்குதாம்ப்பா. நம்ம உடம்புல கேன்சர் செல்லத் தேடிக் கொல்ற செல்லு ஒண்ணு இருக்கு. அபின்லேருந்து எடுக்கிற மார்பின் மாதிரி வலி மருந்து அத மந்தமாக்குதுன்னு லேப்ல பாத்திருக்காங்க..."

நாற்பது நொடியில் நாகநாதன் பதிவை நிறுத்தினார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தேடிக் கொல்கிற செல் என்றால் சிலந்தி. மந்தமாக்குகிற மருந்து என்றால் அந்தப் புது பாட்டில். மிச்சம் இருந்த பத்து நிமிடத்தில், கண்ணாடித் தட்டில் நடப்பதெல்லாம் உடம்பில் நடந்துவிடாது என்றும், அம்மாவுக்கு வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும், டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் என்றும் மகன் மூச்சு வாங்க வாங்கச் சொல்லியிருந்தான். அது அந்தப் போனுக்குள்ளேயே பத்திரமாக இருந்தது.

"என்னங்க சொல்றான் தம்பி?" என்று ஞானாம்பாள் அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"நான் சொன்னதத்தான் சொல்றான்."

ஞானாம்பாளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதிகம் சொல்ல முடியாது, அவள் அதிகம் சொன்னதில்லை. போன தை மாதம் திருக்கடையூரில் நாகநாதனுக்கு அறுபதாம் கல்யாணம். அதற்கு மூன்று வாரத்துக்கு முன்பே, குளிக்கும்போது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ கையில் பட்டது. பத்திரிகை அடித்தாகிவிட்டது, சாஸ்திரிகளுக்குச் சொல்லியாகிவிட்டது, உறவுக்காரர்களுக்கு வேன் பேசியாகிவிட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. எமனை உதைத்த சாமியின் சந்நிதியில் கணவனின் ஆயுளுக்காக இரண்டாவது தாலியைக் கட்டிக்கொண்டு, குடம் குடமாகக் கலச நீரில் நனைந்து, எல்லாருக்கும் விழுந்து கும்பிட்டு, தாம்பூலப் பை கொடுத்து, வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் சொன்னாள். அப்போது அது எலுமிச்சங்காய் அளவுக்கு வந்திருந்தது. அதைச் சுருக்க ஊசி மேல் ஊசியாக மாதக்கணக்கில் போட்டு, முடியெல்லாம் கொட்டி, இப்போது ஆப்பரேஷனுக்கு வந்து நின்றது.

செவ்வாய்க்கிழமை மயக்க டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். டாக்டர் சபிஹாவுக்கு நாற்பது வயது இருக்கும். ஞானாம்பாளின் வாயைத் திறக்கச் சொல்லி, கழுத்தை அசைக்கச் சொல்லி, எல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது நாகநாதன் தொண்டையைக் கனைத்தார்.

"டாக்டர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கய்யா."

"புகையான் தெரியுமா உங்களுக்கு?"

சபிஹா பேனாவை மேசையில் வைத்தார். "எங்க அத்தா பாபநாசத்துல குத்தகைக்குப் பயிர் வெச்சவங்கதான். நல்லாத் தெரியும். ஏன், அம்மாவுக்கு அதுவும் இருக்கா?"

நாகநாதன் சிரிக்கவில்லை. சிலந்தியில் தொடங்கி மார்பினில் முடித்து, பத்து நிமிடம் பேசினார். கடைசியில், "அதனால வலி மருந்து எதுவும் போடாம ஆப்பரேஷன் பண்ணிட முடியுமான்னு பாருங்க" என்றார்.

"கத்திய வெச்சுக் கீறுறப்ப நீங்க புடிச்சுக்குவீங்களா?"

"அந்த நேரத்துக்கு மயக்கம் குடுங்க. நான் வேணாங்கறது வலிக்குப் போடுறது."

சபிஹாவுக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லய்யா. எங்க ஆளுங்களே ரொம்ப வருஷமா இதத்தான் கேட்டுக்கிட்டிருக்காங்க. லேப்ல ஒரு மாதிரி தெரியுது, எலிக்கு ஒரு மாதிரி, மனுஷனுக்கு ஒரு மாதிரி. ரெண்டாயிரம் பொம்பளைங்களுக்கு மேல, இதே மார்பு ஆப்பரேஷன்ல, பாதிப் பேருக்கு மரத்துப் போற ஊசி, பாதிப் பேருக்கு வழக்கமான மயக்கமும் மார்பின் மாதிரி மருந்தும் குடுத்து வருஷக்கணக்கா பாத்தாங்க. நோய் திரும்ப வந்ததுல ரெண்டு பக்கமும் வித்தியாசம் தெரியல."

"அப்ப உறுதியா ஒண்ணும் தெரியாதுங்கறீங்க."

"உறுதியாத் தெரிஞ்சத சொல்றேன் கேளுங்க. வலியோட படுத்திருந்தா ஆழமா மூச்சு இழுக்க மாட்டாங்க, சளி கட்டும். கையத் தூக்க மாட்டாங்க, தோளு இறுகிப்போகும். இன்னொண்ணு. உங்க சிலந்தி இருக்கே, அந்தக் காவக்காரன், அவன் வலியிலயும் சோந்து போறான்னு லேப்ல பாத்திருக்காங்க. நான் முதுகோரத்துல ஒரு ஊசி போடப் போறேன். அந்தப் பக்கம் மரத்துக் கெடக்கும். மார்பின் ரொம்பத் தேவைப்படாது. தேவைப்பட்டா கொஞ்சம் குடுப்போம். சரிங்களா?"

நாகநாதன் தலையை ஆட்டினார். கருத்து மாறாத போதுதான் அவர் தலையை அத்தனை மரியாதையாக ஆட்டுவார். டாக்டர் சொன்னதில் அவர் காதுக்குள் தங்கியது ஒன்றுதான்: உறுதியாகத் தெரியாது.

"உங்களுக்கு எதாவது கேக்கணுமாம்மா?" என்றார் சபிஹா.

ஞானாம்பாள் கணவனைப் பார்த்தாள். "அவங்கதான் கேட்டுட்டாங்களே."

வெளியே வந்து மருத்துவமனை வாசலில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நாகநாதன் மெதுவாகச் சொன்னார்: "ஞானம், ஆப்பரேஷன் முடிஞ்சு வந்து கேப்பாங்க, வலிக்குதா வலிக்குதான்னு. வலிக்குதுன்னு மட்டும் சொல்லிடாத. சொன்னா ஊசியத் தூக்கிக்கிட்டு ஓடியாருவாங்க. ரெண்டு நாளு பல்லக் கடிச்சுக்க. ரெண்டு பிள்ளை பெத்தவதானே நீ, அதவிடவா?"

"அப்ப நீங்க ஒரத்தநாட்டுச் சந்தையில இருந்தீங்க. ரெண்டு தடவையும்."

"அதுக்கு இல்லடி. உனக்காகத்தான் சொல்றேன். அது பரவிடிச்சுன்னா..." டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதில் பொய் இல்லை. முப்பத்துமூன்று வருடத்தில் வீட்டில் சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட நாகநாதனுக்குத் தெரியாது. அவருடைய வேட்டி எந்த அடுக்கில், மாத்திரை எந்தச் சீட்டில், தங்கச்சி பேத்திக்கு எப்போது காது குத்து, எல்லாம் அவளுக்குள்தான் இருந்தன. அவள் போய்விட்டால் தன் வீட்டிலேயே வழி தெரியாத ஆளாகிவிடுவோம் என்கிற பயம் அவரை ஆறு மாதமாகத் தின்றுகொண்டிருந்தது. அதை அன்பு என்று சொல்வதில் தவறில்லை. அன்பில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கிறது.

"சரிங்க" என்றாள் ஞானாம்பாள்.

புதன்கிழமை ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்குளுக்குக் கீழே ஒரு குழாய், அதன் நுனியில் ஒரு டப்பா, நெஞ்சு முழுக்கக் கட்டு. அறைக்குக் கொண்டுவந்தபோது அவள் முகம் தெளிவாக இருந்தது. "வலிக்குதா?" என்று நாகநாதன் கேட்டார். "இல்லீங்க, ஒண்ணுமே தெரியல" என்றாள். முதுகோரம் போட்ட ஊசி இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. நாகநாதன் அந்தப் பெருமையை ஊசிக்குக் கொடுக்கத் தயாராக இல்லை. "பாத்தியா? மனசு வெச்சா வலி ஏது?" என்று சொல்லி, மெல்போர்னுக்கும் அதையே சொன்னார். மகன் அந்தப் பக்கம் அழுதான்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மரப்பு விட்டது.

எட்டு மணிக்கு நர்ஸ் ஆசியா ஒரு அட்டையோடு வந்தாள். அட்டையில் ஆறு முகங்கள். முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் கண்ணீர் விடும். கீழே பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள். வேளாவேளைக்குப் போடுகிற சாதாரண மருந்து ஏற்கனவே போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேல் வேண்டுமா என்று பார்ப்பதற்குத்தான் இந்த மார்க்.

"அம்மா, வலி பத்துக்கு எவ்வளவு இருக்கும்மா?"

"ரெண்டு" என்றார் நாகநாதன்.

பயிர் இன்சூரன்ஸுக்காக அறுத்துப் பார்க்க அதிகாரிகள் வருகிற நாளில், தராசை எடுப்பதற்கு முன்பே விளைச்சல் இவ்வளவுதான் என்று சொல்லிவிடுகிற பழக்கம் அவருக்கு உண்டு. எப்போதும் குறைத்துத்தான் சொல்வார். இருபது வருடப் பயிற்சி, எண் வாயில் தயாராக இருந்தது.

"அம்மா சொல்லட்டும்ப்பா."

"அவ சொன்னாலும் அதுதான். கேட்டுப் பாருங்க."

ஆசியா ஞானாம்பாளைப் பார்த்தாள். ஞானாம்பாள் போர்வை நுனியைக் கயிறு மாதிரி முறுக்கி உள்ளங்கையில் அடைத்து வைத்திருந்தாள். மேலுதட்டில் வியர்வை பொட்டுப் பொட்டாக நின்றது.

"ரெண்டு" என்றாள்.

ஆசியா எழுதிக்கொண்டாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் சாமானை எடுத்துக் கொடுத்தாள். மூன்று குழல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பந்து. குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே போக வேண்டும். "ஒரு மணி நேரத்துக்கு பத்து தடவை இழுக்கணும்மா. இன்னைக்கு ரெண்டு பந்து, நாளைக்கு மூணு."

ஞானாம்பாள் இழுத்தாள். முதல் பந்து அரை விரற்கடை எழும்பி, வெட்கப்பட்ட மாதிரி உட்கார்ந்துகொண்டது.

"பழக்கமில்ல அவளுக்கு" என்று நாகநாதன் விளக்கம் சொன்னார்.

அன்று முழுக்க இப்படியே போனது. பன்னிரண்டு மணிக்கு ரெண்டு, நாலு மணிக்கு ரெண்டு. சாயங்காலம் வேறு நர்ஸ் வந்து கேட்டதற்கும் ரெண்டு. ஞானாம்பாள் மூச்சைத் தொண்டைக்குக் கீழே விடாமல் மேலேயே வைத்துக்கொண்டாள். உள்ளே விட்டால் கட்டுக்குள் யாரோ அரிவாளைத் திருப்புவது போல இருந்தது. இருமல் வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டாள். நாகநாதன் பார்க்காமல் இல்லை. ஏசி ஓடுகிற அறையில் செய்தித்தாளால் விசிறினார். ஈரத்துண்டால் நெற்றியைத் துடைத்தார். "இன்னும் கொஞ்சம்தான் ஞானம், இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. தானும் பட்டினி கிடந்தால் கணக்குச் சரியாகிவிடும் என்று எங்கோ ஒரு எண்ணம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு சபிஹா வந்தார். அட்டவணையைப் பார்த்தார். ரெண்டு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு. ஞானாம்பாளுக்கு லேசாக ஜுரம் இருந்தது. முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பந்துச் சாமானைக் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். முதல் பந்து இப்போது அந்த அரை விரற்கடைகூட எழும்பவில்லை.

"கீழ்ப் பக்கம் மூச்சே போகல. ஜுரம் அதனாலதான்" என்று ஆசியாவிடம் சொல்லிவிட்டு நாகநாதனைப் பார்த்தார். "வலி ரெண்டுன்னு போட்டிருக்கு. ரெண்டு வலிக்கு பந்து ஏன் ஏறல?"

"அவளுக்கு ஊதிப் பழக்கம் இல்ல டாக்டர்."

"ஊதறது இல்லய்யா, இழுக்கிறது." சபிஹா கட்டில் ஓரம் உட்கார்ந்தார். "சரி, உங்களுக்கு வலி எத்தனை?"

"எனக்கா?"

"ஆமா. பத்துக்கு எத்தனை?"

"எனக்கு என்ன வலி? எனக்கு ஒண்ணும் இல்லயே."

"அப்படியும் ரெண்டு சொல்லிட்டீங்க. அப்ப இந்த ரெண்டு யாரோடதுன்னு தெரியல. அம்மா, உங்களோடது எத்தனம்மா?"

ஞானாம்பாள் கணவனைப் பார்த்தாள். அவர் புருவத்தால் ரெண்டு காட்டினார். புருவத்தால் எண் காட்ட முடியும் என்பது முப்பத்துமூன்று வருடக் குடித்தனத்தில் வருகிற வித்தை. அவள் அதைப் படித்தாள், நன்றாகவே படித்தாள். பிறகு முகத்தை டாக்டர் பக்கம் திருப்பினாள்.

"ஒம்போது."

"ஞானம்!"

"நேத்து காலையிலேருந்து ஒம்போது. இப்ப பத்து." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவள் நிறுத்த வேண்டியிருந்தது.

"என்னடி பேசற நீ? அந்த ஊசிய போட்டா பரவிடும்டி. குத்தாலத்துல ஒரு அம்மாவுக்கு..."

"பரவினா பரவட்டும்."

நாகநாதன் செய்தித்தாளை எடுத்து அவளுக்கு விசிறத் தொடங்கினார்.

"வயல்ல மூணு நாள் தண்ணி நின்னா..." அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "மூணு தடவ பொதுப்பணித் துறை ஆபீசுக்கு ஓடுவீங்க. தாசில்தார் வரைக்கும் சத்தம் போடுவீங்க. என் நெஞ்சுல ஒரு நாளா நெருப்பு கெடக்கு. பேப்பரால விசிறிக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

ஆசியா அட்டையால் வாயை மறைத்துக்கொண்டாள். சபிஹா எழுந்து மருந்துகளைச் சொல்லத் தொடங்கினார்: மார்பின் கொஞ்சம் இப்போதே, பிறகு முதுகோரம் மறுபடி அந்த ஊசி.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் நாகநாதன். குரல் பாசனச் சங்கக் கூட்டத்தில் ஒலிக்கிற மாதிரிதான் கிளம்பியது.

"இதுக்கு உங்க கையெழுத்து வேணாம்யா. வேணும்னாலும் அம்மாதான் போடணும்."

"நான் அவளுக்காகத்தான் டாக்டர்... நாளைக்கு அது பரவிடிச்சுன்னா நீங்க பதில் சொல்லுவீங்களா?"

சபிஹா ஊசி மருந்தை ஆசியாவிடம் சரிபார்த்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். "பரவவே பரவாதுன்னு யாராலயும் எழுதித் தர முடியாது. இந்த மருந்தால பரவும்னு சொல்லவும் ஆதாரம் இல்ல. ஒரு நாள் வலியால பரவிடும்னு நான் சொன்னா அதுவும் பொய்தான், அதுக்கும் ஆதாரம் இல்ல. ஆனா வலியும் உடம்பச் சோர வைக்கும்னு அன்னைக்கே சொன்னேன். மருந்து மேல அவ்வளவு சந்தேகப்பட்டீங்களே, வலி மேல ஒரு துளி சந்தேகம்கூட உங்களுக்கு வரலியே, ஏன்யா?"

கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருந்தவரிடம் இந்தக் கேள்விக்கும் பதில் இருந்தது. வெளியே சொல்லத்தக்கதாக இல்லை, அவ்வளவுதான். மருந்து பாட்டிலில் வருகிறது, காசு கொடுத்து வாங்குகிறோம், யாரோ தயாரித்தது, அதன் மேல் சந்தேகப்படலாம். ஞானாம்பாளின் வலி எப்போதும் வீட்டோடு இருந்தது. அடுப்படி மாதிரி, கொல்லைக் கிணறு மாதிரி. அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

செருப்பைக்கூட மாட்டாமல் வராந்தாவுக்கு வந்தார். வரிசையாக இரும்பு நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினார். வியாழன் காலை ஆறிலிருந்து வெள்ளி காலை பத்து வரை. இருபத்தெட்டு மணி நேரம். மறுபடி எண்ணினார். அப்போதும் அதுதான் வந்தது. எண்ணைக் குறைத்துச் சொல்லியே பழகியவருக்கு முதல் முறையாக ஒரு எண் குறைய மறுத்தது. இருபத்தெட்டு மணி நேரத்தில் அந்தக் காவல் செல்கள் எத்தனை சோர்ந்திருக்கும்? சோர்ந்தது திரும்ப எழுமா? ஒரு நாள் என்பது கூடவா குறைவா? கட்டியை எடுக்கும்போது கேன்சர் செல் ஒன்றிரண்டு எங்காவது தப்பி ஓடியிருந்தால், அதற்கு இந்த ஒரு நாள் போதுமா? டாக்டர் ஆதாரம் இல்லை என்கிறார். இல்லை என்பது ஆறுதலா, கைவிரிப்பா?

உள்ளேயிருந்து பேச்சுக் குரல் கேட்டது. கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"உனக்கு எந்த ஊரும்மா?" ஞானாம்பாள்தான். சொற்களுக்கு நடுவில் இடைவெளி இல்லை.

"கூத்தாநல்லூரும்மா. இப்ப எத்தனம்மா இருக்கு?"

"நாலு சொல்லலாம். அந்தப் பந்தக் குடு, பாப்போம்."

ஏதோ பிளாஸ்டிக் குழலில் டப்பென்று தட்டியது. "ஒண்ணு ஏறிடுச்சும்மா!" என்று ஆசியா கைதட்டினாள். நாகநாதன் எழுந்து கதவு வரைக்கும் போனார். கைப்பிடியில் கை வைத்தார். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். போனை எடுத்து ராஜ்குமாரின் பெயரை அழுத்தினார்.

மணி அடித்து அடித்து நின்றது. அங்கே சாயங்காலம் மூன்றரை, நாலு இருக்கும். ஆபீஸில் இருப்பான். மறுபடி போட்டார்.

"ஏங்க," உள்ளேயிருந்து ஞானாம்பாளின் குரல். அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே அவளுக்குத் தெரிந்திருந்தது. "வேலை நேரத்துல அவனக் கூப்புடாதீங்க. பயந்து செத்துருவான் புள்ள."

"இல்ல, சும்மாத்தான்" என்றார் நாகநாதன், அவளுக்குக் கேட்காத குரலில்.

இரண்டாவது முறையும் நின்றது. மூன்றாவது முறை போட்டார். கேட்க வேண்டியதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். 'ஏன் தம்பி, இருவத்தெட்டு மணி நேரம்னா ரொம்பவா?' வேறு மாதிரி கேட்கலாமா என்று யோசித்தார். வேறு மாதிரி வரவில்லை. போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். கடலுக்கு அப்பால் எங்கோ ஒரு மேசையின் மேல் அது அடித்துக்கொண்டிருந்தது.